கேட் மூடியிருக்கும்போது

கொருக்குப்பேட்டை கேட் விழுந்தால்
இருபது நிமிடம் யாருக்கும் வேலையில்லை.
சரக்கு வண்டி பாதியில் நின்று மூச்சு வாங்கினால்
நாற்பது.
மூடிக்கிடக்கும் செல்போன் கடை ஷட்டரில்
சாக்பீஸில் எங்கள் பட்டியல்:
உலகத்தின் தலைசிறந்த விஞ்ஞானப் படங்கள்
ஒன்றிலிருந்து பத்து வரை.
கேட் மூடியிருக்கும்போது மட்டும் இடம் மாற்றலாம்.
திறந்தபின் பேசுவது செல்லாது.
இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது யாரென்று
அதற்கே தனியாக ஒரு வழக்கு நடக்கிறது.

அசல் பெயர் எழுதுவதில்லை,
யார் வாயிலும் அது ஒரே மாதிரி வருவதில்லை.
'நிலாவுல தண்ணி லாரி',
'எறும்பு ராணுவம்',
'பொண்டாட்டிய மறந்த ரோபோ'.
இவ்வளவு போதும். புரியும்.

தாரணி மணலியில் எண்ணெய்த் தொட்டி கழுவுகிறவள்.
காற்றுக் குழாயை முதுகில் மாட்டி
இருட்டுக்குள் இறங்குகிறவள்.
"ஹெல்மெட்ட கழட்டுறான் பாரு,
ஒரு சொட்டு வேர்வ கீதா?
முடி சீவுன மேனிக்கு நிக்குது.
எந்தக் கிரகமா இருந்தா இன்னா,
கழுத்துல ரப்பர் அறுத்த தழும்பு இருக்கணும்."
இரண்டாமிடத்தில் இருந்த படம்
அன்றைக்கே ஏழுக்குப் போனது.

இருதயராஜ் காசிமேட்டில் விசைப்படகு டிரைவர்.
அவனுக்குக் கடல் சரியாக இருக்க வேண்டும்.
"ஊரயே முழுங்குற அலன்ற,
முன்னால தண்ணி உள்ள வாங்குமே,
அத்த எங்க காட்டுனான்? அழி."
அதே படத்தில் மூன்று தலை மீன் பேசுவதில்
அவனுக்குப் புகார் இல்லை.
"அது கதப்பா."

எனக்கு ஐந்தாமிடம் போதும்,
குக்கர் மூடியில் கப்பல் செய்த அந்த ஏழைப் படத்துக்கு.
வெயிட் போடும் மூக்கு நன்றாகவே தெரியும்.
நட்சத்திரங்களுக்கு நடுவே
விசிலடிக்காமல் அது போவதை
மூன்று முறை பார்த்தேன்.
யாரும் என் பக்கம் இல்லை.
டீ வாங்கிக் கொடுத்தால் யோசிப்பதாக
ஜோதிலிங்கம் மட்டும் சொன்னான்.

முதலிடம் மஸ்தான் அண்ணனுடையது.
மீன்பாடி வண்டிக்காரர்.
முப்பது ரூபாய்க்கு வாங்கிய விசிடி,
இரண்டாம் தட்டில் கீறல்,
கடைசி இருபது நிமிடம் ஓடவே இல்லை.
செத்த கிரகமொன்றில்
ஒருத்தி ரேடியோவைத் திருகிக்கொண்டிருக்கிறாள்.
"சாப்பிட்டியா?" என்று ஒரு குரல் கேட்கிறது.
திரும்புகிறாள்.
இருபது வருடமாக அங்கேயே நிற்கிறாள்.

கேட்டது யார்?
ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.
அவள் அம்மா. அந்தக் கிரகமே.
வயதான பின் அவளேதான்.
ஒருமுறை ஒன்றும் சொல்லாமல்
தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அன்று ஐம்பத்திரண்டு டேங்கர் போனது.

முடிவு பார்க்காத படத்துக்கு முதலிடமா என்று
இரண்டு மழைக்காலம் சண்டை போட்டோம்.

போன மாதம் ஜோதிலிங்கம்
அந்தப் படத்தை எங்கிருந்தோ பிடித்து வந்தான்.
தாரணி வீட்டில் நான்கு பேர்,
லேப்டாப்பின் சூட்டில் பார்த்தோம்.
திரும்புகிறாள்.
மெத்தையில் கண் விழிக்கிறாள்.
எல்லாம் கனவு. பக்கத்தில் புருஷன், கையில் காபி.
பெயர்கள் மேலே ஏறுகின்றன.
"இதுக்கா?" என்றான் இருதயராஜ்.
வேறு யாரும் பேசவில்லை.

மறுநாள் கேட் விழுந்தது.
மஸ்தான் அண்ணன் வண்டியை ஓரங்கட்டி
ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தார்.
"நேத்து ராத்திரி தோணுச்சுபா.
கேட்டது அவ அம்மா இல்ல.
பக்கத்து கிரகத்துல இன்னொருத்தி.
அவளும் இதே மாரி திருகிகினு கீறா."

எஞ்சின் ஊதியது.
எங்களில் கறாரான தாரணி எழுந்து போய்
சாரலில் மங்கியிருந்த 1-ஐ
புது சாக்பீஸால் அழுத்தி எழுதினாள்.
பிறகு என்னிடம் திரும்பி,
"உன் குக்கர ஒம்போதுக்கு மேல ஏத்த மாட்டேன்"
என்றாள்.

நான் சொன்ன பதில் நல்ல பதில்.
சொல்லும்போது கேட் திறந்துவிட்டது.